முகத்தை வெள்ளையாக்கித் தர மாட்டோம்

ராமநாதபுரத்தில் அரண்மனைக்குப் பின்னால், பாத்திரக் கடைக்கும் பல் டாக்டருக்கும் நடுவே ஒரு குறுகிய படிக்கட்டு ஏறுகிறது. அதன் உச்சியில் நாகநாதனின் ஸ்டூடியோ. மாப்பிள்ளையும் பெண்ணும் சிரிக்கும் படங்கள் உள்ளே இருக்கின்றன. ஏறி வருகிறவர் கண்ணில் முதலில் படுவது அவையல்ல, கண்ணாடிக் கதவில் ஒட்டியிருக்கும் ஒரு தாள்.

"முகத்தை வெள்ளையாக்கித் தர மாட்டோம். கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்."

எழுதியவள் உமையாள். ஸ்டூடியோ அவளுடையது அல்ல. நாகநாதன் எடுத்து வரும் கல்யாண வீடியோக்களை வெட்டிக் கோத்து, நிறம் பார்த்து, முடித்துக் கொடுப்பவள் அவள். வருகிறவர்களை வாசலிலேயே அதட்டும் இந்தத் தாளைக் கிழிக்கும் தைரியம் முதலாளிக்கு இல்லை. கிழிக்க வேண்டிய தேவையும் அவருக்கு வரவில்லை என்பதுதான் விசித்திரம். ஏனென்றால், "அங்கன குடுத்தா மூஞ்சி பளிச்சுன்னு வரும்" என்று சுற்று வட்டாரத்தில் பேர் வாங்கிய ஸ்டூடியோ அது ஒன்றுதான்.

வெள்ளையாக்க மாட்டோம் என்று எழுதிப் போட்ட இடத்தில் முகம் பளிச்சென்று வருகிறது என்றால், ஒன்று தாள் பொய் சொல்ல வேண்டும், இல்லை ஊர் பொய் சொல்ல வேண்டும். உமையாள் இரண்டையும் நம்பவில்லை. தன் கைராசி என்று நம்பினாள்.

அந்தத் தாளுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. உமையாள் உத்தரகோசமங்கைக்குத் தெற்கே மிளகாய் போடுகிற வீட்டுப் பெண். மாசி, பங்குனி வெயிலில் பழம் பறித்துக் காயப்போட்டு வளர்ந்தவள். அந்த வெயிலுக்குத் தகுந்த நிறம். அவள் கல்யாணத்துக்குப் படம் எடுத்தவர் வேறு யாரோ ஒரு புண்ணியவான். ஆல்பத்தில் அவளைப் பால்கோவா நிறத்துக்குக் கொண்டுபோயிருந்தார். அவள் மகன் நான்கு வயதில் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, அப்பா மொதல்ல யாரக் கட்டுச்சு?" என்று கேட்டான். வீடே சிரித்தது. உமையாள் சிரிக்கவில்லை. மறுவாரம் நாகநாதனிடம் வேலைக்குச் சேர்ந்தபோது முதல் காரியமாக அந்தத் தாளை எழுதினாள்.

ஒன்றரை வருடத்துக்கு முன்பு சொந்தமாக ஒரு லேப்டாப் வாங்கினாள். எச்.டி.ஆர். காட்டும் திரை. சாதாரணத் திரையில் பட்டுச்சேலையின் ஜரிகையும் அகல் விளக்கின் சுடரும் ஒரே வெள்ளையாக அப்பிக்கொள்ளும். எச்.டி.ஆரில் ஜரிகை ஜரிகையாகவும் சுடர் சுடராகவும் பிரிந்து நிற்கும். மூலையில் கிடக்கும் இருட்டிலும் ஆள் தெரியும். கண்ணால் பார்ப்பதற்கு மிக அருகில் வருகிற படம். ஊரில் ஆளாளுக்குப் பெரிய டி.வி. வாங்கி, "எங்களுக்கு எச்.டி.ஆர்.லயே குடுங்க" என்று கேட்கத் தொடங்கிய காலம் அது.

வாங்கிய வாரமே வந்த ஆயுத பூசைக்கு, அரிவாள், மண்வெட்டி, மோட்டார் வண்டிக்கு வைப்பதுபோல அந்த லேப்டாப்புக்கும் சந்தனப் பொட்டு வைத்தாள். திரைக்கு மேலே, கறுப்புச் சட்டத்தின் நடுவில். லேப்டாப்புக்கு நெற்றி என்று ஒன்று இருந்தால் அது அங்கேதான் இருக்க முடியும். நடுவில் கேமராவின் கண் இருந்ததால், அதை மறைத்துவிடக் கூடாது என்று அரை விரல் தள்ளி வைத்தாள். அவள் கவனமான பெண். அதன்பின் ஒவ்வொரு வெள்ளிக்கிழமை காலையிலும், வேலை தொடங்குமுன், பழைய பொட்டைத் துடைத்துவிட்டுப் புதிய சந்தனமும் குங்குமமும் வைப்பாள்; பிறகுதான் லேப்டாப்பின் பொத்தானை அழுத்துவாள்.

ஒரு புதன்கிழமை பகலில் முருகலட்சுமி படியேறி வந்தாள். இரண்டு மாதத்துக்கு முன் கல்யாணமான பெண். பிறந்தது உமையாளுக்குப் பக்கத்து ஊர். வாக்கப்பட்டது தொண்டிப் பாதையில் ஒரு கிராமம். கணவன் மாரீஸ்வரன் இருபது நாள் லீவில் வந்து தாலி கட்டிவிட்டு கத்தாருக்குத் திரும்பிப் போயிருந்தான். அவள் உட்காரவில்லை.

"அக்கா, கதவுல ஒட்டிருக்கது யாரு எழுதுனது?"

"நாந்தான். ஏன்?"

"அதப் பாத்துத்தான் எங்க வீட்டுல அடம்புடிச்சு இங்கன குடுக்கச் சொன்னேன். பெறகு எதுக்கு என்னய வெள்ளயடிச்சீக?"

உமையாளுக்கு முதலில் காது சரியாக வேலை செய்கிறதா என்று சந்தேகம் வந்தது. பத்து வருடத்தில் இப்படியொரு புகாரை யாரும் கொண்டு வந்ததில்லை. வெள்ளையாக்கவில்லை என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. வெள்ளையாக்கிவிட்டாய் என்று வந்தவள் இவள்தான்.

"யாரப் பாத்து என்ன சொல்லுற? நெச நெறத்துக்கு மேல ஒரு புள்ளிகூட நான் கூட்டல."

"அப்ப இது யாரு?" முருகலட்சுமி போனை நீட்டினாள். திரையில் மணமேடை. பட்டும் மாலையுமாக ஒரு பெண், உரித்த பனங்கிழங்கு நிறத்தில். "எனக்கு ஏழு கல்லு மூக்குத்தி. எங்க இருக்கு, காட்டுங்க. மூஞ்சிக்கும் மூக்குத்திக்கும் வித்தியாசம் தெரியாம ஒரே வெளுப்பா கெடக்கு. டி.வி.யில பாத்தா இன்னும் கேவலம்."

மூக்குத்தி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது. அவ்வளவுதான்.

"சரி, ஒனக்கு அதுல என்ன நட்டம்? மத்தவுகல்லாம் கேட்டு வாங்குறாக" என்று உள்ளேயிருந்து நாகநாதன் குரல் கொடுத்தார். சமாதானம் செய்வதாக நினைப்பு.

முருகலட்சுமி அவர் பக்கம் திரும்பினாள். "என்ன நட்டமா? அவுக தெனமும் அந்த வீடியோவத்தான் பாக்குறாக. போன்ல என்கூட மொகம் பாத்துப் பேசயில என்ன சொல்லுறாக தெரியுமா? 'ஒன் போன்ல நீ கருப்பாத் தெரியுற, கேமரா மட்டம் போல. நல்ல போனா ஒண்ணு வாங்கு'ங்கிறாக. இருபது நாளு என்கூட இருந்த மனுசன், அண்ணே! ரெண்டு மாசத்துல என் மூஞ்சி மறந்து போச்சு. வீடியோவுல இருக்கவதான் பொண்டாட்டி, பேசுறவ போன் கோளாறு. இன்னும் ஒரு வருசம் கழிச்சு லீவுல வந்து எறங்கி, யாரு நீன்னு கேப்பாக."

உமையாளுக்கு அந்த ஆல்பமும் மகன் கேட்ட கேள்வியும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் நினைவைவிடக் கோபம் முந்திக்கொண்டது. தான் பத்து வருடமாக யாரைத் திட்டி வருகிறாளோ, அந்தப் பால்கோவா ஆளின் வரிசையில் தன்னைக் கொண்டுபோய் நிறுத்துகிறாள் இவள்!

"இங்கன வா. ஒக்காரு." லேப்டாப்பைத் திறந்து அதே காட்சியை ஓடவிட்டாள். முருகலட்சுமியின் தாடையைப் பிடித்துத் திரைக்குப் பக்கத்தில் வைத்தாள். "இப்பச் சொல்லு. ரெண்டும் ஒண்ணா இல்லயா?"

ஒன்றாகத்தான் இருந்தது. லேப்டாப்பில் இருந்தவள் முருகலட்சுமிதான். நிறத்தில் இம்மி பிசகு இல்லை.

"பாத்தியா? போன்ல கோளாறு. நம்ம நெறம் பிடிக்காதவன் செஞ்ச போனு, நம்மள வெளுத்துத்தான் காட்டும்." கல்யாண வீடியோவைப் போனில் பார்ப்பது என்பது உமையாளுக்கு எப்போதுமே இளப்பம். முடித்த வேலையை ஒருநாளும் போனில் போட்டுப் பார்த்தவள் அல்ல.

முருகலட்சுமி விடவில்லை. நாகநாதனின் போனை வாங்கி அதில் ஓடவிட்டாள். வெள்ளை. கீழே போய்ப் பல் டாக்டரிடம் வேலை பார்க்கும் மதுமதியின் போனை வாங்கி வந்தாள். அதிலும் வெள்ளை. மூன்று போன்களையும் மேசைமேல் வரிசையாகப் படுக்க வைத்தாள்.

"மூணு போனு, வீட்டுல ஒரு டி.வி. நாலும் ஒண்ணு சொல்லுது. ஒங்க பொட்டி ஒண்ணு மட்டும் வேற சொல்லுது. ஒங்க பொட்டி சரியா இருக்குன்னு யாரு பாத்தது?"

பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறவள் கேட்பதுபோல் இருந்தது. அவள் நிஜமாகவே கணக்கு டீச்சர்தான் என்பது பிறகு தெரிந்தது.

உமையாள் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யும் முகத்தோடு லேப்டாப்பின் செட்டிங்ஸுக்குள் போனாள். எச்.டி.ஆர். வீடியோவுக்குத் திரையைச் சரிகட்ட அதிலேயே ஒரு வசதி உண்டு. லேப்டாப்போடு ஒட்டிப் பிறந்த திரைக்கு மட்டும். வெளியிலிருந்து மாட்டும் திரைக்கு ஆகாது. சார்ஜரைச் செருகியிருக்க வேண்டும். வழக்கமாக எந்த வெளிச்சத்தில் வேலை பார்ப்போமோ, அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து செய்ய வேண்டும். திரை முழுக்க இரண்டு படங்கள் வரும், கீழே ஒரு கோடு, கோட்டில் இழுக்க ஒரு குமிழ். ஒரு பக்கம் இழுத்தால் இருட்டில் கிடப்பதெல்லாம் துலங்கும். மறுபக்கம் இழுத்தால் வெளிச்சம் ஓங்கும். இரண்டும் கெடாத இடத்தில் நிறுத்த வேண்டும்.

படங்களில் ஒன்று வெயிலடிக்கும் பனிமலை. மற்றது இருட்டான ஒரு வராந்தா, அதன் மூலையில் சாத்தி வைத்த குடை.

"ராமநாதபுரத்துல ஒக்காந்துக்கிட்டு பனி சரியா இருக்கா இல்லயான்னு நான் எப்பிடிச் சொல்ல?" என்று உமையாள் பொரிந்தாள். "உப்பளத்தக் காட்டு, சொல்லுறேன். மொளகாக் களத்தக் காட்டு, சொல்லுறேன். என் ஆயுசுல பாக்காத ஒண்ண வச்சு எனக்குப் பரீட்ச வைக்கிறான்."

"பனிய விடுங்க. கொட தெரியுதா?"

உமையாள் குமிழை ஒரு ஓரத்துக்கு இழுத்தாள். குடை தெரியவில்லை. மறு ஓரத்துக்கு இழுத்தாள். அங்கும் தெரியவில்லை. படத்துக்கு அடியில், மூலையில் ஒரு குடை இருக்கிறது என்று எழுத்தில் போட்டிருந்ததால்தான் அப்படியொன்று இருப்பதே தெரிந்தது.

"கொடயே இல்லாம கொடன்னு எழுதிருக்கான்" என்று உமையாள் தீர்ப்பு சொன்னபோது மின்சாரம் போனது. மின்சாரம் போனால் லேப்டாப் எச்.டி.ஆரை அணைத்துவிடும். பேட்டரியை மிச்சம் பிடிக்கும் புத்தி. வரும் என்று வாதியும் பிரதிவாதியும் புழுக்கத்தில் காத்திருந்தார்கள், வரவில்லை.

"வெள்ளிக்கெழம காலையில வாரேன். லீவு போட்டுட்டு வாரேன்" என்று முருகலட்சுமி எழுந்தாள். படியிறங்குமுன் கதவருகில் நின்றாள். "அதுவரைக்கும் இந்தத் தாளக் கிழிச்சு வையிங்க."

உமையாள் கிழிக்கவில்லை. ஆனால் வியாழக்கிழமை முழுவதும் அந்தக் கதவைப் பார்க்காமல் வந்து, பார்க்காமல் போனாள்.

வெள்ளிக்கிழமை எட்டரை மணிக்கே முருகலட்சுமி வந்துவிட்டாள். உமையாளுக்கு முன்பாகவே வந்து, சார்ஜரைத் தானே செருகி, லேப்டாப்பையும் தானே திறந்து, பனிமலையும் வராந்தாவும் இருக்கும் அந்தப் பக்கம்வரை கொண்டுவந்து வைத்திருந்தாள். பரீட்சைக்கு முன் பெஞ்சு போட்டு வைக்கும் பழக்கம். உமையாள் கையில் சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள்.

"அத அப்பறம் வையிங்க, அக்கா. கொடயப் பாத்துருவோம்."

"பொட்டு வைக்காம இதத் தொட மாட்டேன். ஒரு நிமிசம் இரு." சிறிய ஈரத்துணியால் சட்டத்தின் மேலிருந்த காய்ந்த பொட்டை அழுத்தித் துடைத்தாள். சந்தனம் பொடியாக உதிர்ந்தது. கிண்ணத்தில் விரலைத் தொட்டாள்.

திரை வெளுத்தது. மார்கழி காலையில் கண்மாய்மேல் விடிவதுபோல் மெல்ல மெல்ல. பனிமலை எரிந்தது. இருண்ட வராந்தாவின் மூலையில், சுவரில் சாய்ந்தபடி, ஒரு குடை நின்றது. நீலக் குடை. பிடி மரம்.

உமையாள் சந்தன விரலைப் பொட்டு இருந்த இடத்தில் வைத்தாள். திரை மெல்ல மங்கியது. குடை போய்விட்டது. விரலை எடுத்தாள். குடை வந்தது. மறுபடி வைத்தாள். போனது.

கேமராவின் கண்ணுக்கு அரை விரல் தள்ளி, கடுகளவு இன்னொரு கண் இருந்திருக்கிறது. அறையில் எவ்வளவு வெளிச்சம் என்று பார்த்து, அதற்குத் தக்கபடி திரையைத் தானே கூட்டிக் குறைக்கும் கண். ஒன்றரை வருடமாக அது சந்தனத்துக்குள் குருடாக இருந்து, உலகமே இருட்டு என்று நம்பி, திரையைக் குறைத்தே வைத்திருந்தது. குறைந்த திரையில் முகங்கள் இருண்டு தெரிந்தன. "பிள்ளை இவ்வளவு கருப்பில்லையே" என்று உமையாள், நேர்மையாக, ஒவ்வொரு முகத்தையும் நிஜ நிறத்துக்குத் தூக்கினாள். அவள் திரையில் அது நிஜ நிறம். மற்றவர்கள் திரையில் பால்கோவா.

உமையாளின் கோபம் அந்த ஒரு நிமிடத்தில் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் சுற்றியது. முதலில் கிடைத்தது லேப்டாப் செய்தவன்.

"பொட்டு வைக்கிற எடத்துலயா கண்ண வைப்பான்? வேற எடமே இல்லயா அவனுக்கு? மேல நெத்தி, அங்கன பொட்டு வைப்பாகன்னு ஒருத்தனுக்காவது தெரியவேணாம்?"

முருகலட்சுமி பொறுமையாக இருந்தாள். அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. அப்போதுதான் உமையாள் நாகநாதன் பக்கம் திரும்பினாள். அவர் கேமரா பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். அரை மணி நேரமாக அதே பை.

"அண்ணே. நீங்க எல்லா வீடியோவையும் டி.வி.யில போட்டுப் பாத்துத்தான குடுப்பீக?"

"ஆமா, பாக்குறதுதான்."

"மூஞ்சி வெளுத்துக் கெடக்குறது தெரியலயா?"

"தெரிஞ்சுச்சு."

"எப்ப இருந்து?"

"நீ லேப்டாப்பு வாங்குனதுல இருந்து." அவர் பையை மூடினார். "ஏத்தா, நீயோ தாளு ஒட்டிருக்க. சனமோ சந்தோசமா வாங்கிட்டுப் போகுது. ரெண்டு பேரயும் நான் ஏன் சங்கடப்படுத்தணும்? நீ தெரிஞ்சேதான் செய்யுறன்னு நெனச்சேன். வெளிய வீறாப்பா எழுதிப்போட்டு, உள்ள கமுக்கமாச் செய்யுற, வெவரமான புள்ளன்னு மனசுக்குள்ள பாராட்டிக்கிட்டேன்."

அந்தப் பாராட்டுதான் உமையாளைச் சுட்டது. அவள் தெரியாமல் செய்தாள் என்பது ஒரு அவமானம். அவள் தெரிந்தே செய்கிறாள் என்று ஒரு மனிதர் ஒன்றரை வருடம் நம்பி, அதற்காக மதித்தும் இருக்கிறார். யாரும் அவள் தாளை ஒரு நாளும் நம்பவில்லை. நம்பியது இந்த ஒரு பெண். அவளுக்கும் இந்தக் கதி.

"நீங்க பேசாதீக" என்றாள்.

அன்று பகல் முழுவதும் வேறு வேலை நடக்கவில்லை. உமையாள் குமிழை இழுத்து, பனி எரியாமலும் குடை மறையாமலும் ஒரு இடத்தில் நிறுத்தினாள். ஜன்னலை அவள் வழக்கமாக வைக்கும் அளவுக்குத் திறந்து, வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு முறை சரிபார்த்தாள். பிறகு முருகலட்சுமியின் கல்யாணத்தை முதல் காட்சியிலிருந்து எடுத்தாள். அவளைப் பக்கத்திலேயே உட்கார வைத்து, முகத்தைப் பார்த்து, திரையைப் பார்த்து, முகத்தைப் பார்த்து. மூன்று மணி வாக்கில் மணமேடைக் காட்சி வந்தது. கேமரா நெருங்க, அந்தக் கருத்த முகத்தின் மூக்கோரத்தில் சுடர்கள் பொரிந்தன.

"எண்ணு" என்றாள் உமையாள்.

"ஏழு" என்றாள் முருகலட்சுமி. பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உமையாள் அதைப் பார்க்காதவள்போல் சார்ஜர் வயரை நேராக்கினாள்.

திருத்திய வீடியோ தொண்டிப் பாதையிலிருந்த வீட்டுக்கும் கத்தாருக்கும் போனது. வீட்டில் டி.வி.யில் பார்த்த மாமியார் சோலையம்மாள், "ஏத்தா, டி.வி.க்குக் கரண்டு பத்தலயா?" என்று கேட்டதாகத் தகவல். கத்தாரிலிருந்து மாரீஸ்வரன் இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் மனைவியைக் கூப்பிட்டு, "ஒனக்கு மூக்குத்தி இருந்துச்சுல்ல" என்றானாம். பிறகு, "போன் மாத்த வேணாம்" என்றானாம். மன்னிப்பு என்று அவன் அதைத்தான் கேட்டிருக்கக்கூடும். முருகலட்சுமி அப்படித்தான் எடுத்துக்கொண்டாள்.

உமையாளுக்கு அது போதவில்லை. லேப்டாப் வந்தபின் முடித்துக் கொடுத்த கல்யாணங்கள் அறுபத்து மூன்று. முருகலட்சுமி வீடு போக, மற்ற ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்தாள். தவறு எங்களுடையது, முகங்களைச் சரியான நிறத்தில் திருத்தி மறுபடி தருகிறோம் என்றாள். சிலர் சிரித்தார்கள். சிலருக்குப் புரியவே இல்லை. "நல்லா இருக்கதக் கெடுக்கப் பாக்குறீகளா?" என்று ஒரு அம்மாள் சண்டைக்கு வந்தாள். "வெள்ளையா இருக்கதக் கருப்பாக்குறதுக்கா போன் போட்ட?" என்று ஒருவர் வைத்துவிட்டார். அந்த அறுபத்திரண்டு வீட்டில் சரியென்று சொன்னவர் ஒரே ஒருவர், பெரியபட்டினத்து சுஐபு. "எம் மவ மொகம் அல்லா குடுத்தபடி இருக்கட்டும் தாயி, அனுப்பி வையிங்க" என்றார். மற்ற அறுபத்தோரு வீடுகளில் இன்றும் பால்கோவாதான் ஓடுகிறது. உமையாள் செய்த பால்கோவா.

சந்தனப் பொட்டு இப்போது மூடியின் வெளிப்பக்க மூலைக்குக் குடிபோயிருக்கிறது. வெளிச்சத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் அந்த வேலையையும் உமையாள் அணைத்துவிட்டாள். இனி தன் கண் பார்த்தால் போதும் என்றாள். ஆனால் முடித்த வேலையை மூன்று போனிலும் ஒரு டி.வி.யிலும் போட்டுப் பார்க்காமல் கொடுப்பதில்லை.

தாளையும் கிழித்தாள். அதே அளவு புதுத்தாள் எடுத்து, அதே எழுத்தில், முன்னால் ஒரு சொல் சேர்த்து எழுதி ஒட்டினாள்.

"இனிமேல் முகத்தை வெள்ளையாக்கித் தர மாட்டோம்."

நாகநாதன் வந்து படித்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "இனிமேல்னா என்ன அர்த்தம்? இம்புட்டு நாளும் செஞ்சோம்னு நாமளே ஊருக்குச் சொல்லுற மாதிரி ஆகாதா? அந்த ஒத்த வார்த்தைய மட்டும் எடுத்துரு, தாயி."

"செஞ்சோமா இல்லயா?"

"செஞ்சோம். அதுக்காக?"

"அப்ப இருக்கட்டும்."

மறுநாள் முதல் ஆளாக ஒரு பெண்ணின் தகப்பனார் படியேறி வந்தார். கதவில் நின்று தாளை இரண்டு முறை படித்தார். முகம் வாடிவிட்டது.

"இனிமேலா? அப்ப போன மாசம் வரைக்கும் செஞ்சீகளா?"

"செஞ்சேன்" என்றாள் உமையாள், தலை நிமிராமல்.

"அடடா. ஒரு மாசம் முந்தி முகூர்த்தம் வச்சிருக்கலாமே. எம் பொண்ணு ஒருத்திக்கு மட்டும் பழைய மாதிரியே பண்ணிக் குடுங்கம்மா."

உமையாள் நிமிர்ந்தாள். உள்ளே நாகநாதன் அவசரமாகக் கேமரா பையைத் திறந்து எதையோ தேடத் தொடங்கினார்.

"உள்ள வந்து ஒக்காருங்க" என்றாள் உமையாள், குரலில் அனல் பறக்க. "மொதல்ல சொல்லுங்க. ஒங்க பொண்ணு மூக்குத்தி எத்தன கல்லு?"